ஒளிநாடா மாற்று ஆய்வகம்: டெக்கையும் கணினியையும் இணைப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்ப விசேஷங்களின் விஎச்எஸ் கேசட்டுகள், கல்லூரி விழாக்களைப் பதிவு செய்த யூ-மேட்டிக் நாடாக்கள், தொலைக்காட்சி நிலையங்கள் கழித்துப்போட்ட பீட்டாகேம் கேசட்டுகள் ஆகியவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்ற ஒரு சிறிய ஆய்வகம் அமைப்பவர்களுக்காக இதை எழுதியிருக்கிறேன். நூலகம், கல்லூரி ஊடகத் துறை, பழைய ஸ்டூடியோ என எந்த இடமானாலும் அடிப்படை ஒன்றுதான்.

விஎச்எஸ் டெக்குகளைக் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு டெக்கும் பழைய டெக்தான். நல்ல ஹெட் (நாடாவைப் படிக்கும் காந்த முனை) உள்ள டெக்கும், உதிரி பாகமும், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரும் ஆண்டுக்கு ஆண்டு அருகிவருகிறார்கள். யுனெஸ்கோவும், ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் 2019 இல் காந்த நாடா எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கியது இதனால்தான். ஒரு நாடாவை ஓட்டும் ஒவ்வொரு முறையும் நாடாவும் தேய்கிறது, ஹெட்டும் தேய்கிறது. ஆகவே அந்த ஓட்டம் வீணாகாதபடி இணைப்பு சரியாக இருக்க வேண்டும்.

எந்தக் கருவிக்குப் பின் எந்தக் கருவி வர வேண்டும்?

டெக், அதன் பின் டிபிசி எனப்படும் நேரத் திருத்தி, அதன் பின் அனலாக் சிக்னலை எஸ்டிஐ எனப்படும் டிஜிட்டல் சிக்னலாக்கும் மாற்றி, அதன் பின் அந்தச் சிக்னலை வாங்கிக்கொள்ளும், கணினியில் உள்ள கேப்ச்சர் கார்டு, கடைசியில் வட்டு. சில கருவிகளில் இவற்றுள் இரண்டு ஒரே பெட்டிக்குள் இருக்கும். ஆனால் வரிசை மாறாது.

புதிதாக அமைப்பவர்களில் பலர் முதலில் கணினியை வாங்குகிறார்கள். பிறகு அதற்குப் பொருந்தும் கார்டை வாங்கி, கார்டில் நுழையும் கேபிளை வாங்கி, கடைசியில் மிச்சப் பணத்தில் ஏதோ ஒரு டெக்கை வாங்குகிறார்கள். இது தலைகீழ். நாடாவிலிருந்து தொடங்குங்கள். கையில் இருப்பது எந்த வகை நாடா, அதை மிக நன்றாக ஓட்டும் டெக் எது, அந்த டெக்கின் மிகத் தூய்மையான வெளியீடு எது, அந்த வெளியீட்டைக் கெடுக்காமல் வாங்கிக்கொள்ளும் மாற்றி எது என்று முன்னோக்கி நகருங்கள். கணினி கடைசித் தேர்வு. இன்றைய நடுத்தரக் கணினி எதுவாக இருந்தாலும் சாதாரணத் தெளிவுள்ள ஒளிநாடாவுக்குப் போதும். டெக்கில் இழந்ததை எவ்வளவு விலை உயர்ந்த கணினியாலும் மீட்டுத் தர முடியாது.

கடையில் மலிவாகக் கிடைக்கும் யூஎஸ்பி மாற்றி போதாதா?

வீட்டில் ஒருமுறை பார்த்து மகிழ மட்டும் என்றால் போதும். காப்பதற்கு என்றால் போதாது. இந்த மாற்றிகள் 8 பிட்டில் பதிவு செய்கின்றன. பலவற்றின் மென்பொருள் வாங்கும்போதே படத்தைச் சுருக்குகிறது. சில, பின்னிய புலங்களை (ஒரு ஃபிரேமின் ஒற்றைப்படைக் கோடுகளும் இரட்டைப்படைக் கோடுகளும் தனித்தனியாக வரும் இரு பாதிகளை) கேட்காமலே கலந்து ஒற்றைப் படமாக்கிவிடுகின்றன. அப்படிக் கலந்ததைப் பிறகு பிரித்தெடுக்க வழியில்லை. எல்லாவற்றையும்விட மோசமானது, சிக்னல் தடுமாறும் இடத்தில் ஃபிரேம்களை விட்டுவிட்டு அதைப் பற்றி எந்தத் தகவலும் தராமல் இருப்பது. தாலி கட்டும் காட்சியில் நாதஸ்வரம் உதட்டுக்கும் விரலுக்கும் பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

டெக்கின் பின்புறம் பல துளைகள் இருக்கின்றன. எதில் செருகுவது?

நாடாவின் வகையே இதைத் தீர்மானிக்கும்.

விஎச்எஸ் நாடாவில் ஒளிர்வும் நிறமும் தனித்தனியாகவே பதிவாகின்றன. இந்தியாவில் பயன்பட்ட தொலைக்காட்சி முறையான பிஏஎல்லில் நிறம் சுமார் 627 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழிறக்கப்பட்டு நாடாவில் ஏறுகிறது. மஞ்சள் நிற ஆர்சிஏ துளை வழியாக எடுத்தால், டெக் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து, நிறத்தை 4.43 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஏற்றி அனுப்பும். அடுத்த கருவி அதை மறுபடி பிரிக்க வேண்டும். அந்தப் பிரிப்பு ஒருபோதும் முழுமையாக நடப்பதில்லை. சேலைக் கரையில் ஊர்ந்து நகரும் புள்ளிகளும், நெருங்கிய கோடுள்ள சட்டையில் வானவில் நிறமும் தெரிவது அதனால்தான். எஸ்-வீடியோ துளையில் இரண்டும் தனித்தனிக் கம்பியில் வருவதால் இந்தக் கேடு நேர்வதில்லை. சாதாரண விஎச்எஸ் டெக்குகளில் அந்தத் துளை பெரும்பாலும் இருக்காது. எனவே சாதாரண நாடாக்களை ஓட்டுவதற்கும் ஓர் எஸ்-விஎச்எஸ் (விஎச்எஸ்ஸின் மேம்பட்ட வகை) டெக்கைத் தேடி வாங்குவது நல்லது.

பீட்டாகேம் எஸ்பி நாடாவில் நிறம் வேறு முறையில் பதிவாகிறது. அங்கே, ஒளிர்வும் இரண்டு நிறக்கூறுகளும் தனித்தனிக் கம்பியில் வரும் கம்போனென்ட் வெளியீடுதான் சரி. யூவிடபிள்யூ-1800பி போன்ற டெக்குகளில் மூன்று பிஎன்சி துளைகளாக அது இருக்கும். மாற்றியில் 'பீட்டாகேம் அளவு', 'எஸ்எம்பிடிஇ அளவு' என்று இரண்டு தேர்வுகள் இருக்கக்கூடும். இதைத் தவறாக வைத்தால் நிறம் மிகையாகவோ வெளிறியோ பதிவாகும். கண்ணுக்கு உடனே உறுத்தாது என்பதுதான் ஆபத்து. வண்ணப் பட்டைகள் உள்ள நாடா ஒன்றை ஓட்டி, அளவீட்டுத் திரையில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

டிஜிட்டல் பீட்டாகேம் என்றால் எஸ்டிஐ. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். சோனியின் ஜே-30 வரிசையில் எஸ்டிஐ உள்ள டெக் கிடைத்தால் அது பழைய பீட்டாகேம் எஸ்பியையும் ஓட்டி எஸ்டிஐ ஆகவே தரும். பீட்டாகேம் குடும்பம் நிறைய வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய வசதி.

யூ-மேட்டிக் டெக்குகளில் 'டப்' என்ற பெயரில் ஏழு முனைத் துளை ஒன்று இருக்கும். ஒளிர்வையும் நிறத்தையும் பிரித்தே தரும் துளை அது. ஆனால் நிறத்தைக் கீழிறக்கிய நிலையிலேயே தருவதால் எஸ்-வீடியோ கருவியில் நேரடியாகச் செருக முடியாது. அதை ஏற்கும் பழைய டிபிசி கிடைத்தால் பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால், எல்லாம் ஒரே கம்பியில் கலந்து வரும் கம்போசிட் வெளியீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்.

டிபிசி கட்டாயம் வேண்டுமா? விலை அதிகமாக இருக்கிறதே.

வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

பிஏஎல் முறையில் ஒரு கோடு வரைய 64 மைக்ரோ விநாடி. ஒரு ஃபிரேமுக்கு 625 கோடு, விநாடிக்கு 25 ஃபிரேம். ஒளிபரப்பில் இந்தக் கணக்கு இம்மியும் பிசகாது. நாடாவில் பிசகும். நாடா இழுபடுகிறது, வெப்பத்தில் நீள்கிறது, சுழலும் ஹெட் டிரம்மின் வேகம் நுட்பமாக ஏறி இறங்குகிறது. அதனால் ஒரு கோடு கொஞ்சம் முன்னதாகவும் அடுத்தது கொஞ்சம் பின்னதாகவும் வருகிறது. பழைய குழாய்த் தொலைக்காட்சி இந்தத் தடுமாற்றத்தோடு தானும் சேர்ந்து நகர்ந்து படத்தைக் காட்டிவிடும். கேப்ச்சர் கார்டு அப்படிச் செய்யாது. அது கடிகாரக் கணக்கோடு காத்திருக்கும். கோடு நேரத்துக்கு வராவிட்டால் ஃபிரேமையே தள்ளிவிடும், அல்லது படத்தைக் கறுப்பாக்கிவிடும்.

இங்கே இரண்டு வேறு கருவிகளை ஒரே பெயரால் விற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒன்று, கோட்டுக்குக் கோடு திருத்துவது. தூண், கதவு நிலை போன்ற நேர்க்கோடுகள் படத்தில் நெளிவதைச் சரிசெய்வது இதுதான். இன்னொன்று, ஃபிரேம் ஒத்திசைவி. முழு ஃபிரேமையும் நினைவகத்தில் வாங்கி, சீரான கடிகாரத்தில் வெளியே விடுவது. கேப்ச்சர் கார்டு ஃபிரேமை விடாமல் வாங்கிக்கொள்ள உதவுவது இது. ஆனால் கோட்டின் நெளிவை எல்லா ஒத்திசைவிகளும் நீக்குவதில்லை. நெளிந்த படத்தை நெளிந்தபடியே அழகான எஸ்டிஐ ஆக்கித் தருபவையும் உண்டு. அதற்குப் பின் அதைத் திருத்துவது மிகக் கடினம்.

ஆகவே, விஎச்எஸ்ஸுக்குக் கோட்டுத் திருத்தி உள்ளேயே அமைந்த எஸ்-விஎச்எஸ் டெக்கும், அதற்குப் பின் ஒரு ஃபிரேம் ஒத்திசைவியும் இருப்பது நல்ல ஏற்பாடு. தொழில்முறை பீட்டாகேம் டெக்குகளில் டிபிசி உள்ளேயே இருக்கும். வெளியே தனியாக வாங்கத் தேவையில்லை. பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் கணினியில் குறையுங்கள், திரையில் குறையுங்கள், இதில் குறைக்காதீர்கள்.

படத்தின் அடிவிளிம்பில் சில கோடுகள் கலைந்து தெரிவது ஹெட் மாறும் இடம். அது விஎச்எஸ்ஸின் இயல்பு, பழுது அல்ல. மூலக்கோப்பில் அதை வெட்ட வேண்டாம்.

கார்டு கணினிக்குள் இருக்க வேண்டுமா, வெளியே பெட்டியாக இருக்கலாமா?

இரண்டும் சரியே. மேசைக் கணினிக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு, மடிக்கணினிக்கோ மேக்குக்கோ தண்டர்போல்ட் பெட்டி. எது வாங்கினாலும் அது 10 பிட் 4:2:2 அளவில் (நிறக்கூறு ஒவ்வொன்றையும் ஒளிர்வில் பாதி முறை அளப்பது) சாதாரணத் தெளிவு எஸ்டிஐயை ஏற்கிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ மட்டும் உள்ளதை வாங்க வேண்டாம்.

ஒழுங்காக இயங்கும் கார்டின் டிரைவரையும் கணினியின் இயங்குதளத்தையும் ஒரு பெரிய தொகுப்பின் நடுவில் புதுப்பிக்காதீர்கள். எந்தப் பதிப்பில் வேலை நடந்தது என்பதைக் கணினியின் மீதே ஒட்டிவைப்பது என் பழக்கம்.

எஸ்டிஐ கேபிளுக்குப் பழைய பிஎன்சி கேபிள் எதையாவது பயன்படுத்தலாமா?

75 ஓம் கேபிள் என்றால் மட்டும்.

எஸ்டிஐ விநாடிக்கு 27 கோடி பிட் அனுப்புகிறது. ஒளிர்வை விநாடிக்கு 1 கோடியே 35 லட்சம் முறையும், இரண்டு நிறக்கூறுகளை ஒவ்வொன்றும் 67.5 லட்சம் முறையும் அளந்தால் மொத்தம் 2 கோடியே 70 லட்சம் அளவுகள். ஒவ்வொன்றுக்கும் 10 பிட். கணக்கு சரியாக வந்துவிடும். இந்த வேகத்தில் கேபிளின் மின்தடைப் பொருத்தம் தவறினால் சிக்னல் முனையில் மோதித் திரும்பும். படத்தில் பளிச்சிடும் புள்ளிகள் தோன்றும், அல்லது படமே வராது.

பல கல்லூரி ஆய்வகங்களின் பரணில் பழைய கணினி வலையமைப்புக்குப் பயன்பட்ட ஆர்ஜி-58 கேபிள் சுருள் சுருளாகக் கிடக்கும். அதன் முனையிலும் பிஎன்சிதான். ஆனால் அது 50 ஓம். உறையின் மீது அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்து அதை ஒதுக்கிவிடுங்கள். ஆர்ஜி-59 அல்லது ஆர்ஜி-6 வகை, நல்ல செம்புக் கம்பி உள்ளது, போதும். ஓர் அறைக்குள் தொலைவு பிரச்சினையே அல்ல.

அனலாக் பக்கத்திலும் இதே 75 ஓம் ஒரு பொறி வைத்திருக்கிறது. டெக்கிலிருந்து வரும் சிக்னல் ஒரு திரைக்குள் நுழைந்து அதன் வழியாக வெளியேறி மாற்றிக்குப் போகிறது என்றால், கடைசிக் கருவியில் மட்டும் 75 ஓம் முடிவு இருக்க வேண்டும். நடுவில் உள்ள திரையிலும் அந்தச் சுவிட்ச் போட்டிருந்தால் படம் மங்கும். எங்குமே போடாவிட்டால் கண் கூசும் அளவுக்கு வெளுக்கும். பதிவு மங்கலாக இருக்கிறது என்று மென்பொருளில் வெளிச்சத்தைக் கூட்டுவதற்கு முன்னால் எழுந்து போய்த் திரையின் பின்புறத்தைப் பாருங்கள்.

கணினியிலிருந்தே டெக்கை ஓட்டவும் நிறுத்தவும் முடியுமா?

தொழில்முறை டெக் என்றால் முடியும். பின்புறம் ஒன்பது முனைத் துளை இருக்கும். அது ஆர்எஸ்-422 இணைப்பு. சோனி வகுத்த கட்டளை முறையில், விநாடிக்கு 38,400 பிட் வேகத்தில், ஒற்றைப்படைச் சமநிலை பிட்டோடு இயங்குகிறது. பழைய கணினியின் ஆர்எஸ்-232 துளை பார்ப்பதற்கு இதேபோல் இருந்தாலும் மின்னழுத்தமும் முனைகளின் வரிசையும் வேறு. நேரடியாகச் செருகக் கூடாது. யூஎஸ்பியிலிருந்து ஆர்எஸ்-422க்கு மாற்றும் கருவி வாங்கினாலும், அதன் முனை வரிசை சோனியின் வரிசையோடு ஒத்துப்போகாது என்று எடுத்துக்கொண்டு, இரண்டு கையேடுகளையும் வைத்துக் கம்பியைப் புதிதாகப் பற்றவைப்பதே பாதுகாப்பு. கேப்ச்சர் கார்டிலேயே இந்த வெளியீடு இருந்தால் சிக்கல் தீர்ந்தது.

எல்லாம் இணைத்த பிறகும் டெக் அசையவில்லை என்றால் முகப்பில் உள்ள 'ரிமோட் / லோக்கல்' சுவிட்சைப் பாருங்கள்.

வீட்டு விஎச்எஸ் டெக்கில் இந்த வசதி கிடையாது. அதில் குறை ஒன்றுமில்லை. காப்பகப் பதிவில் நாடாவைத் தொடக்கம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் ஓட்டுவதே முறை. நேரக்குறி அறுந்து அறுந்து இருக்கும் நாடாவைக் கணினி தானாகத் தேடி முன்னும் பின்னும் இழுப்பது நாடாவுக்கு நல்லதல்ல.

மினி டிவி கேசட்டுகளுக்கும் இதே ஏற்பாடா?

இல்லை, அது முற்றிலும் வேறு வழி. மினி டிவி நாடாவில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் தரவு. ஃபயர்வயர் கேபிள் வழியாக அதை அப்படியே நகல் எடுத்தால் போதும். எஸ்-வீடியோ வழியாக அனலாக் ஆக்கி, திரும்பவும் டிஜிட்டல் ஆக்குவது நல்ல பொருளைக் கெடுத்து வாங்குவதாகும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும், அவ்வளவுதான்.

சிக்கல், ஃபயர்வயர் துளை உள்ள கணினி இப்போது கிடைப்பதில்லை என்பதில் இருக்கிறது. ஆப்பிள் 2025 இல் வெளியிட்ட மேக்ஓஎஸ் டஹோவில் அதற்கான ஆதரவை நீக்கிவிட்டது. லினக்ஸ் கணினியில் ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டைப் போட்டு ஓட்டுவது இன்றைக்கு நம்பகமான வழி. ஏற்கெனவே பழைய மேக் ஒன்று நன்றாக இயங்கிக்கொண்டிருந்தால் அதை இணையத்திலிருந்து துண்டித்து, இந்த வேலைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். டிவிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள், நாடாவைப் பல முறை ஓட்டி எடுத்த நகல்களிலிருந்து பிழையில்லாத பகுதிகளைச் சேர்த்து ஒரே நல்ல கோப்பாக்கித் தரும். பூஞ்சை பிடித்த நாடாக்களில் இதன் அருமை தெரியும்.

ஓர் எச்சரிக்கை. கணினிப் பக்கத்து ஆறு முனைத் துளையில் மின்சாரமும் வருகிறது, 30 வோல்ட் வரை இருக்கலாம். கேபிளை ஒருபக்கம் சாய்த்துச் செருகினால் கேமராவின் துளை கருகிப்போகலாம். கேமராவையும் கணினியையும் அணைத்துவிட்டு இணையுங்கள்.

கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்த கேசட்டுகள் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டபடியோ தெரிகின்றன. ஏன்?

தமிழ்க் குடும்பங்களின் நாடாக்களைக் கையாளும் எந்த ஆய்வகமும் இதைச் சந்தித்தே தீரும். இந்தியாவிலும் இலங்கையிலும் பதிவானவை பிஏஎல். டொராண்டோவில் எடுத்தது என்டிஎஸ்சி, அதாவது 525 கோடு, விநாடிக்கு 29.97 ஃபிரேம். பாரிஸில் எடுத்தது பிரான்சின் முறையான செகாம் ஆகவும் இருக்கலாம்.

வீடுகளில் இருந்த 'மல்டி சிஸ்டம்' டெக்குகள் எல்லாவற்றையும் ஓட்டும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஓட்டும், ஆனால் எப்படி? என்டிஎஸ்சி நாடாவைப் பிஏஎல் தொலைக்காட்சியில் தெரிய வைப்பதற்காக, அந்த டெக்குகளில் பல 525 கோட்டுப் படத்தில் பிஏஎல் நிறத்தை ஏற்றிய ஒரு கலப்புச் சிக்னலை வெளியே தருகின்றன. பிஏஎல்-60 என்று அதைச் சொல்வார்கள். தொலைக்காட்சி அதை ஏற்றுக்கொள்ளும். தொழில்முறை மாற்றியும் கேப்ச்சர் கார்டும் ஏற்காது, நிறம் போய்விடும். டெக்கில் 'என்டிஎஸ்சி 3.58' என்ற தேர்வு இருந்தால் அதை வையுங்கள். இல்லையென்றால் உண்மையான என்டிஎஸ்சி டெக் ஒன்றைத் தனியாக வாங்கிவிடுவது நல்லது. அதற்கு உரிய மின்னழுத்தத்தையும் கவனியுங்கள். வட அமெரிக்க டெக் 120 வோல்ட், நம் சுவரில் 230 வோல்ட்.

நாடாவை அதன் சொந்த முறையிலேயே பதிவு செய்யுங்கள். என்டிஎஸ்சியைப் பிஏஎல் ஆக மாற்றி மூலக்கோப்பு உருவாக்க வேண்டாம். பார்ப்பதற்கான நகலில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

ஒலியைக் கணினியின் மைக் துளையில் கொடுக்கலாமா?

வேண்டாம். படம் ஒரு கடிகாரத்திலும் ஒலி இன்னொரு கடிகாரத்திலும் பதிவாகும். ஒரு மணி நேர நாடாவின் கடைசியில் பேச்சு உதட்டைவிட்டு நகர்ந்திருக்கும். ஒலியையும் மாற்றிக்குள்ளேயே கொடுத்து, எஸ்டிஐயோடு உட்பொதித்து, ஒரே கேபிளில் கணினிக்குக் கொண்டுவாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்.

ஃபிரேம் ஒத்திசைவி படத்தை ஏறத்தாழ ஒரு ஃபிரேம் அளவுக்குத் தாமதப்படுத்தக்கூடும். பிஏஎல்லில் ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி. ஒலி அந்தக் கருவியைச் சுற்றிக்கொண்டு வந்தால் அவ்வளவு முந்திவிடும். கருவியிலேயே ஒலித் தாமதம் வைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். எவ்வளவு வைப்பது என்பதைக் கைதட்டலைப் பதிவு செய்த சோதனை நாடா ஒன்று சொல்லிவிடும்.

வீட்டு டெக்கின் ஒலி அளவு -10 டிபிவி, தொழில்முறை எக்ஸ்எல்ஆர் அளவு +4 டிபியூ. இடையே சுமார் 12 டெசிபல் வித்தியாசம். மாற்றியில் அளவைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒலி கிசுகிசுப்பாகவோ கிழிந்தோ பதிவாகும். விஎச்எஸ் நாடாவில் ஹை-ஃபை தடம், ஓரத் தடம் என்று இரண்டு இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ஹை-ஃபை கரகரத்தால் டெக்கில் ஓரத் தடத்துக்கு மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அதில் குரல் தெளிவாக இருக்கக்கூடும்.

படத்தில் ஒரு கறைபோன்ற பட்டை மெல்ல மேலே நகர்கிறது, ஒலியில் 'உம்' என்ற இரைச்சல்.

எர்த் சுழற்சி. டெக் ஒரு பிளக்கிலும் கணினி வேறொரு பிளக்கிலும் இருந்து, இரண்டின் எர்த் மட்டமும் வேறுபட்டால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வீடியோ கேபிளின் உறை வழியாக ஓடும். ஒரு நிலையத்தின் எல்லாக் கருவிகளையும் ஒரே மின்பலகையில் இணையுங்கள். அதன் பிறகும் தீராவிட்டால் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரைச் சிக்னல் வழியில் போடுங்கள். பிளக்கின் எர்த் முனையைப் பிடுங்கினால் இரைச்சல் நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதைச் செய்யவே கூடாது. உயிர்போகும் விஷயம்.

எந்த வகைக் கோப்பாகச் சேமிப்பது? எவ்வளவு இடம் வேண்டும்?

சுருக்காத 10 பிட் பிஏஎல் படம் விநாடிக்கு ஏறத்தாழ 27.6 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 100 ஜிபியை ஒட்டி வரும். எஃப்எஃப்வி1 என்ற இழப்பில்லாச் சுருக்க முறை அதைப் பெரும்பாலும் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடும். விரித்தால் ஒரு பிட்கூட மாறாமல் மூலம் திரும்பக் கிடைக்கும். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத முறை. 2021 இல் ஆர்எஃப்சி 9043 என்ற ஆவணமாக வெளியாகியிருக்கிறது. அதை மெட்ரோஸ்கா (.mkv) என்ற கோப்புப் பெட்டகத்தில் வைத்துச் சேமிப்பது என் தேர்வு. வீரெக்கார்ட் என்ற திறந்தநிலை மென்பொருள் நேரடியாகவே இப்படிப் பதிவு செய்யும். திரையில் அலைவடிவ அளவீட்டையும் காட்டும்.

பெரிதும் சுருக்கிய எச்.264 கோப்பு பகிர்வதற்கு மட்டும். மூலத்தை அந்த வடிவில் மட்டும் வைத்துவிட்டு நாடாவைத் தூக்கிப்போடும் இடங்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

கணினியிலிருந்து நேரே சர்வரில் பதிவு செய்யலாமா?

நான்கு நிலையங்கள் ஒரே நேரத்தில் சுருக்காத படத்தை அனுப்பினால் விநாடிக்கு 110 எம்பி. ஒரு கிகாபிட் வலையமைப்பின் மொத்தத் திறனே ஏட்டளவில் 125 எம்பிதான். யாராவது அந்த நேரத்தில் ஒரு பெரிய கோப்பை நகலெடுத்தால் நான்கு பதிவுகளிலும் ஃபிரேம் விழும். கணினியின் உள்வட்டில் பதிவு செய்து முடித்து, சரிபார்ப்புத் தொகை (கோப்பு ஒரு பிட் மாறினாலும் காட்டிக்கொடுக்கும் எண்) கணக்கிட்டு, பிறகு சர்வருக்கு நகர்த்தி, அங்கேயும் அதே தொகை வருகிறதா என்று பாருங்கள். இயங்குதளம் உள்ள வட்டிலும் பதிவு செய்ய வேண்டாம். தனி வட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதிவு நடக்கும்போது தூக்கநிலை, தானியங்கிப் புதுப்பிப்பு, வைரஸ் தேடல் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். மின்வெட்டு உள்ள ஊரில் டெக்குக்கும் சேர்த்து யூபிஎஸ் வேண்டும். நாடா டிரம்மைச் சுற்றியிருக்கும்போது மின்சாரம் போனால் சிக்கிக்கொள்ளும் ஆபத்து நாடாவுக்குத்தான்.

ஜென்லாக் (எல்லாக் கருவிகளையும் ஒரே கடிகாரத்தில் ஓடவைக்கும்) இணைப்பு தேவையா?

ஒரு டெக், ஒரு கணினி என்றால் பெரும்பாலும் தேவையில்லை. பல டிஜிட்டல் டெக்குகளை ஒரே சுவிட்சர் வழியாக மாற்றி மாற்றி எடுக்கும் பெரிய அறைகளுக்கு அது வேண்டும்.

ஹெட்டிலிருந்து வரும் மூல அலையையே பதிவு செய்யும் புதிய முறை பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

நம்பிக்கை தருகிறது. டெக்கின் உள்ளே ஹெட் பெருக்கியிலிருந்து ஒரு கம்பி எடுத்து, அந்த அலையை அப்படியே எண்களாக்கி, டெக்கும் டிபிசியும் செய்த வேலை முழுவதையும் விஎச்எஸ்-டிகோட் போன்ற மென்பொருளால் செய்வது இதன் வழி. லேசர் டிஸ்க்குகளுக்காக உருவான டூம்ஸ்டே டூப்ளிகேட்டர் என்ற கருவி விநாடிக்கு 4 கோடி மாதிரிகளை 10 பிட்டில் எடுக்கிறது. அந்த அளவில் ஒரு மணி நேரம் 180 ஜிபி. டெக்கைத் திறந்து பற்றவைக்கத் தெரிந்தவர், நேரம் உள்ளவர், சில அரிய நாடாக்களுக்கு இதைச் செய்யலாம். நூற்றுக்கணக்கில் நாடா குவிந்துள்ள ஆய்வகம் இதை நம்பி வழக்கமான வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

எல்லாவற்றையும் இணைத்துவிட்டோம். முதலில் எந்த நாடாவை ஓட்டுவது?

யாருக்கும் வேண்டாத, ஆனால் நல்ல நிலையில் உள்ள நாடாவை. அதற்கும் முன்பு, மாற்றியோ டிபிசியோ தரும் வண்ணப் பட்டைகளைக் கணினியில் வாங்கி அலைவடிவத்தில் பாருங்கள். 10 பிட் அளவில் கறுப்பு 64லும் முழு வெள்ளை 940லும் நிற்க வேண்டும்.

பிறகு சோதனை நாடாவை ஒரு மணி நேரம் இடைவிடாமல் பதிவு செய்யுங்கள். பதிவுக் குறிப்பில் விழுந்த ஃபிரேம் பூஜ்யமாக இருக்க வேண்டும். பிஏஎல்லில் ஒரு ஃபிரேமுக்கு 1,920 ஒலி மாதிரிகள். கோப்பில் உள்ள ஃபிரேம் எண்ணிக்கையை அதனால் பெருக்கினால் வரும் எண்ணும், கோப்பில் உள்ள ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 90,000 ஃபிரேம், 17 கோடியே 28 லட்சம் மாதிரி. கியூசிடூல்ஸ் மென்பொருளில் கோப்பைத் திறந்து வரைபடத்தில் திடீர் முட்டுகள் உள்ளனவா என்றும் பாருங்கள். எண்கள் ஒத்து வராவிட்டால் ஒரு நேரத்தில் ஒரு கேபிளை மட்டும், அல்லது ஒரு கருவியை மட்டும் மாற்றி, அதே நாடாவை மறுபடி ஓட்டுங்கள். இரண்டு சோதனைகள் தொடர்ந்து சுத்தமாக வந்த பிறகு, ஹெட்டைத் துடைத்துவிட்டு, அந்தக் கல்யாணக் கேசட்டை எடுக்கலாம்.